புது பிளக்கின் மரையில் பசை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பராமரிப்புக் குறிப்புகளில், புது ஸ்பார்க் பிளக் மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸோ ஆன்டி-சீஸ் பசையோ தடவினால் அடுத்த முறை சுலபமாகக் கழற்றலாம் என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரே வரியில் இரண்டு தவறுகள். கிரீஸும் ஆன்டி-சீஸும் ஒன்றல்ல. இன்று கடையில் வாங்கும் புது பிளக்குக்கு அவை இரண்டுமே தேவையில்லை. தடவினால், பிளக்கைத் திருகும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டின் மரை போக வாய்ப்பு கூடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் தானே பிளக் மாற்றும் வாசகர்கள் பலர் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிரீஸ். பட்டறைகளில் "மரைக்குக் கொஞ்சம் தடவு" என்றால் கை போவது பேரிங்குக்கு வைத்திருக்கும் கிரீஸ் டப்பாவுக்குத்தான். அது பெரும்பாலும் லித்தியம் கிரீஸ். சுமார் 190 டிகிரி செல்சியஸில் இளகி ஒழுகத் தொடங்கும். பிளக் மரையின் கீழ்முனை நெருப்பு எரியும் அறையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே கிரீஸில் உள்ள எண்ணெய் ஆவியாகிப் போக, மிச்சம் கருகிக் கரியாகும். சுலபமாகக் கழற்றலாம் என்று எதைத் தடவினோமோ, அதுவே கரியாகி மரையைக் கவ்விக்கொள்ளும். சேசிஸ் கிரீஸ், இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஆன்டி-சீஸ் வேறு வகை. செம்பு, அலுமினியம், நிக்கல் போன்ற உலோகங்களின் நுண்தூளை கிராஃபைட்டோடு சேர்த்து ஒரு கிரீஸில் குழைத்த பசை அது. சூட்டில் கிரீஸ் எரிந்துபோனாலும் தூள் மரைகளுக்கு இடையே ஒரு படலமாகத் தங்கும். செம்புப் பசை ஏறத்தாழ 980 டிகிரி வரையும், நிக்கல் பசை 1,300 டிகிரி வரையும் தாங்கும். சைலன்சர் போல்ட், மேனிஃபோல்ட் ஸ்டட் போன்ற இடங்களுக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. பொருள் மேல் குறையில்லை, இடம்தான் தப்பு.

ஏன் தப்பு? பிளக்கின் மரை இருக்கும் உடம்பு எஃகு. அதன்மேல் துத்தநாகம் அல்லது நிக்கல் முலாம் பூசித்தான் தொழிற்சாலையை விட்டு அனுப்புகிறார்கள். புது பிளக்கைக் கையில் எடுத்தால் வெள்ளி போலப் பளபளப்பது அந்த முலாம்தான். துருவைத் தடுப்பதும், அலுமினிய ஹெட்டோடு எஃகு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. ஆன்டி-சீஸ் செய்ய வேண்டிய வேலையை முலாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. இப்படி முலாம் பூசிய பிளக்குகளுக்கு ஆன்டி-சீஸ் தடவ வேண்டாம் என்று பிளக் தயாரிக்கும் என்ஜிகே நிறுவனமே எழுத்தில் சொல்லியிருக்கிறது. தடவினால் முறுக்கு அளவு (டார்க்) 20 சதவீதம் வரை மாறிப்போகும், மரை அறுந்துபோகவோ பிளக்கின் உடம்பு இழுபட்டு நீளவோ கூடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இந்த 20 சதவீதக் கணக்கைப் புரிந்துகொள்வது முக்கியம். எந்த போல்ட்டை இறுக்கினாலும் நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி உராய்வில்தான் செலவாகிறது. தோராயமாகச் சொன்னால், நூறு பங்கில் ஐம்பது தலைக்கு அடியிலும் நாற்பது மரையிலும் தேய்ந்துபோகும். மிச்சம் பத்துதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. உலர்ந்த மரைக்கு என்று குறித்த அளவில், வழவழப்பான மரையை இறுக்கினால் என்ன ஆகும்? உராய்வு கால் பங்கு குறைந்தாலே, அதே முறுக்கில் இழுவிசை சுமார் 30 சதவீதம் ஏறிவிடும். குறித்த முறுக்கு வந்ததும், அதை அளக்கும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும். அளவு சரியாக இருக்கிறது என்றே நினைப்போம். உள்ளே பிளக் தாங்க வேண்டியதைவிடக் கூடுதலாக இழுபட்டுக்கொண்டிருக்கும்.

பிளக் முழு போல்ட் அல்ல, உள்ளே குழாய் போன்றது என்பதை மறந்துவிடுகிறோம். நடுவில் பீங்கான்; அதைச் சுற்றிக் கவ்விப் பிடித்திருக்கும் மெல்லிய எஃகு உடம்பு. அறுகோணத்துக்கும் மரைக்கும் இடையே உள்ள பகுதி குறிப்பாக மெலிந்தது. அது இழுபட்டு நீண்டால் பீங்கானுக்கும் உடம்புக்கும் இடையிலான பிடிப்பு தளரும். அந்த வழியாக வாயு கசியும். அதைவிட மோசம், பீங்கானின் சூடு உடம்பு வழியாக ஹெட்டுக்குப் போகும் பாதையும் கெடும். பிளக் முனை 500 முதல் 850 டிகிரிக்குள் இருந்தால்தான் கரி படியாமலும் அளவுக்கு மீறிச் சூடாகாமலும் வேலை செய்யும். பாதை கெட்டுப்போனால் முனை அந்த வரம்பைத் தாண்டும். தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். (ஒரு இடைக்குறிப்பு: பீங்கானின் அடியில் பழுப்பு வளையம் தெரிந்தால் உடனே கசிவு என்று பிளக்கைத் தூக்கி எறிய வேண்டாம். உயர் மின்னழுத்தத்தால் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்கள் ஒட்டி வரும் கறை அது. வேலைக்கு இடைஞ்சல் இல்லை.)

இதில் அதிகம் அடிபடுவது நம் ஊர் பைக்குகள்தான். ஸ்ப்ளெண்டர் ரக 100 சி.சி. வண்டிகளில் இருப்பது 10 மில்லிமீட்டர் மரை கொண்ட சின்ன பிளக். அதற்கு வேண்டியது 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் மட்டுமே. அதாவது, நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிக் கைப்பிடியைப் பிடித்தால், அந்த முனையில் ஐந்தரை கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். கடையில் வாங்கும் ஐந்து கிலோ அரிசிப் பையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20. கார்களிலும் பம்புசெட் இன்ஜின்களிலும் வரும் 14 மில்லிமீட்டர் மரைக்கு, வாஷர் உள்ள பிளக் என்றால், அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30, இரும்பு ஹெட்டில் 35 வரை போகலாம். வாஷர் இல்லாமல் அடிப்பகுதி கூம்பாக இருக்கும் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 10 முதல் 20 போதும். வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

டார்க் ரெஞ்ச் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வண்டியோடு வரும் டூல் கிட்டில் இருப்பது ஒரு பிளக் ஸ்பேனரும் ஒரு கம்பியும்தான். அதற்காகத்தான் கோணக் கணக்கு இருக்கிறது. பிளக்கைக் கையால் சுற்றி, வாஷர் ஹெட்டில் உட்கார்ந்த பிறகு, ஸ்பேனர் போட்டு இன்னும் அரைச் சுற்று: கடிகார முள் 12-லிருந்து 6-க்குப் போவது போல. அந்த அரைச் சுற்றில் 10 மில்லிமீட்டர் பிளக் அரை மில்லிமீட்டர் இறங்கி, புது வாஷரை நசுக்கி அடைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கைத் திரும்பப் போட்டால் 12-லிருந்து 1, அல்லது 1-ஐச் சற்றே தாண்டி; அவ்வளவுதான். கூம்பு பிளக்குக்கு 12-லிருந்து 1 கூட வராது, சுற்றில் பதினாறில் ஒரு பங்கு. சில பிளக்குகளில் வாஷர் நசுங்காத ரகமாக இருக்கும். அவற்றின் கோணம் வேறு. டப்பாவின் பக்கவாட்டில் சிறு படம் போட்டிருப்பார்கள். நம்மில் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கோணத்தை நம்பி இறுக்குபவருக்குப் பசை தடவினாலும் பெரிய கெடுதல் வராது; எத்தனை சுற்று என்பது மாறப்போவதில்லை. ஆனால் பசை தடவுபவர் பெரும்பாலும் கோணம் பார்ப்பவர் அல்லர். கை உணர்வை நம்புபவர். உலர்ந்த மரையில் "இது போதும்" என்று அவர் மணிக்கட்டு பழகியிருக்கிறது. வழவழத்த மரையில் அந்த உணர்வு தாமதமாக வருகிறது. இன்னும் கால் சுற்று, இன்னும் கொஞ்சம் என்று போய், திடீரென ஸ்பேனர் இலகுவாகச் சுற்றத் தொடங்கும். மரை கழண்டவன் என்று ஊரில் ஆளைச் சொல்வார்கள். ஆள் ஒருவேளை தெளியலாம், அலுமினிய ஹெட் தெளியாது. அதை லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அப்படியானால் பிளக் ஏன் இறுகுகிறது? அதைச் சரிசெய்யாமல் பசையைத் தேடுவதில் பயனில்லை.

பெரிய காரணம், சூடான ஹெட்டில் கை வைப்பது. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இதைப் பார்க்கலாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மேலே காற்று மெலிவதால் கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் விகிதம் கூடும். பிளக்கில் கரி படிந்து வண்டி திணறும். உடனே ஓரமாக நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றித் துடைப்பார்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும், மென்மையாகவும் இருக்கும். அந்த நேரத்தில் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் அலுமினியத் துணுக்கு பிளக் மரையில் ஒட்டிக்கொண்டு வரும். அடுத்த முறை அது உழுதுகொண்டே உள்ளே போகும். ஹெட்டைக் கை வைத்துத் தாங்கும் அளவுக்கு ஆற விடுங்கள். அரை மணி நேரம், சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் கூடுதல். மேலே போனதும் தானாக வரும் அந்தக் கரிக்குப் பிளக்கைக் குற்றம் சொல்வதிலும் பயனில்லை. கீழே இறங்கினால் கலவை தானே சீராகிவிடும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது மரை நீளம். ஸ்ப்ளெண்டர் ரக வண்டிக்கு 12.7 மில்லிமீட்டர் நீள மரை. வேறு பல வண்டிகளுக்கு 19. குறுக்களவும் அறுகோணமும் ஒன்றாக இருப்பதால் "இதுவும் அதேதான் சார்" என்று கடையில் எடுத்துக் கொடுப்பது உண்டு. குட்டை பிளக்கை நீள ஹெட்டில் போட்டால் மிச்ச மரையில் கரி ஏறும்; பிறகு சரியான பிளக்கைப் போடும்போது பாதியில் சிக்கும். நீள பிளக்கைக் குட்டை ஹெட்டில் போட்டால் மரை எரியறைக்குள் நீட்டிக்கொண்டு கரி பிடிக்கும், கழற்றும்போது ஹெட் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். பிஸ்டனே இடிக்கவும் கூடும். என்ஜிகே எண்ணில் முதலில் வரும் எழுத்து குறுக்களவைச் சொல்லும்: சி என்றால் 10, டி என்றால் 12, பி என்றால் 14 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பின் வரும் எழுத்து நீளம்: எச் என்றால் 12.7, இ என்றால் 19. சிஆர்7எச்எஸ்ஏ என்பதையும் சிஆர்7இ என்று தொடங்குவதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. நடுவில் உள்ள 7 சூட்டு வரிசை. எண் கூடினால் பிளக் குளிர்ந்த ரகம், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் ரகம்.

மூன்றாவது, குறைவாக இறுக்குவது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். தளர்வாக இருக்கும் பிளக்கைச் சுற்றி எரிந்த வாயு மரை வழியே கசிந்து கரியைச் சுட்டு ஒட்டவைக்கும். நாலாவது தண்ணீர். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை ஹெட் மேல் அடிக்கிறோம். பிளக் குழியில் தேங்கிய நீர் வெளி மரைக்கு அருகே துருவைத் தொடங்கி வைக்கிறது. கழுவிய பின் குழியைக் காற்றால் ஊதிவிடுங்கள். கடைசியாக, தொடாமலே விட்டுவிடுவது. பல்சர் டிடிஎஸ்-ஐ வண்டிகளில் இரண்டு பிளக். எளிதாகக் கை போகும் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை வருடக்கணக்கில் மறந்துவிடுவார்கள். இறுகிப்போவது அந்த மறந்த பிளக்தான்.

மாட்டும் முறை அதிக வேலை இல்லை. குழியில் உள்ள செம்மண்ணையும் தூசியையும் பிளக்கைக் கழற்றும் முன்பே ஊதிவிட வேண்டும். கழற்றிய பின் ஊதினால் எல்லாம் சிலிண்டருக்குள் போகும். ஹெட் மரை சுத்தமாக, உலர்ந்து இருக்கட்டும். பிளக் முனையில் தீப்பொறி தாவும் இடைவெளியை, மெல்லிய தகடுகளால் ஆன ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். பல 100 சி.சி. வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் டியூபை மாட்டி, அதைப் பிடித்து முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் "டக்" என்று விழும். பிறகு வலப்பக்கம். கோணலாகப் போனால் டியூப் வழுக்குமே தவிர மரையைக் கடிக்காது. கையால் குறைந்தது நான்கைந்து சுற்று போக வேண்டும். போகவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், கழற்றிப் பாருங்கள். பிறகுதான் மேலே சொன்ன அரைச் சுற்று. கடைசியில் மேலே மாட்டும் பிளக் கேப் அமர்ந்து "டக்" என்று சொல்லட்டும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. முலாம் இல்லாமல் கறுப்பாக வரும் பழைய ரகப் பிளக்குகள், இரும்பு ஹெட் உள்ள பழைய ஜெனரேட்டர்கள், ஆண்டில் சில மாதமே ஓடிவிட்டு மழைப்பனியில் கொட்டகையில் கிடக்கும் ஏற்காட்டு எஸ்டேட் இயந்திரங்கள், மேல்முலாம் தேய்ந்த பழைய பிளக்கையே திரும்பப் போட வேண்டிய நிலை: இவற்றில் ஆன்டி-சீஸ் உதவும். சில ஹோண்டா கார்களின் சர்வீஸ் கையேட்டிலேயே சிறிதளவு தடவச் சொல்லி, இறுக்கும் அளவை 18 நியூட்டன் மீட்டர் என்று கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டின் 5.4 லிட்டர் இன்ஜின்களில் பிளக் உடைந்துபோகும் தொல்லை பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு ஃபோர்டு நிக்கல் பசை தடவச் சொன்ன இடம் மரைக்கும் கீழே நீண்டிருந்த உறைப்பகுதி. தயாரித்தவர் இடத்தையும் அளவையும் சொல்லியிருந்தால் அப்படியே செய்யலாம். தடவித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு அரிசி மணி அளவு. முனையிலிருந்து இரண்டு மூன்று மரைகளை விட்டு, மேல் மரையில் மட்டும். வாஷர் உட்காரும் இடத்தில் படக் கூடாது. பசையில் இருப்பது உலோகத் தூள். பீங்கான் முனையில் பட்டால் மின்சாரம் அந்த வழியே ஓடித் தீப்பொறி பிசகும். முறுக்கு அளவைச் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். இதற்கும் பிளக் கேப்பின் ரப்பருக்குள் தடவும் சிலிகான் கிரீஸுக்கும் சம்பந்தமில்லை. அது தண்ணீர் புகாமல் தடுக்க; அதைத் தாராளமாகத் தடவலாம்.

இறுகிவிட்ட பிளக்கைக் கழற்ற, ஸ்பேனரில் பைப் மாட்டித் தொங்காதீர்கள். ஆறிய ஹெட்டில் எட்டில் ஒரு சுற்று தளர்த்தி, மரை விளிம்பில் துரு இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். மறுபடி கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாக. கிறீச்சிட்டால் நிறுத்தி மறுபடி எண்ணெய். மரை ஏற்கெனவே போயிருந்தால், மரை வெட்டும் டேப் போட்டுச் சரிசெய்யலாம்: 10 மில்லிமீட்டருக்கு 1.0 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), 14-க்கு 1.25 பிட்ச். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பினால் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கிரீஸுக்கு இந்த வேலையில் உரிய இடம் அதுதான். டேப் பிடிக்காத அளவுக்குப் போயிருந்தால் ஹெட்டைக் கழற்றி, ஹெலிகாயில் (புது மரையாகப் பதிக்கும் கம்பிச்சுருள்) அல்லது புஷ் போடத் தெரிந்த லேத் பட்டறையில் கொடுப்பது நல்லது. வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் தூள் சிலிண்டரைக் கீறும்.

அந்த ஞாயிறு குறிப்பைப் படித்து ஏற்கெனவே தடவிவிட்டவர்கள் பதற வேண்டாம். பிளக்கை இப்போதே பிடுங்கவும் வேண்டாம். அடுத்து மாற்றும் நாளில் புது பிளக்கை உலர்வாகப் போட்டால் மட்டும் போதாது, பழைய பசை ஹெட்டின் மரையில்தான் தங்கியிருக்கும். மெல்லிய குச்சியில் பெட்ரோல் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி, மரையோடு திருப்பித் திருப்பித் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வராமல் நிற்கும் வரை. பெட்ரோல் முழுவதும் உலரட்டும். அந்த வாடை இருக்கும்போது பிளக்கை ஹெட் மேல் வைத்துக் கிக்கர் உதைத்துத் தீப்பொறி பார்க்கவே கூடாது.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்,
அஸ்தம்பட்டி, சேலம்.